முட்செடியின் பெயர் கொண்ட நாடகம்

ஸ்பெயின் நாட்டின் மரபான இசை நாடகம் ‘சார்சுவேலா’ ஆகும். அதன் பெயர் ஒரு முட்செடியிலிருந்து பிறந்தது.

17ஆம் நூற்றாண்டில், மாட்ரிட் நகருக்கு வெளியே அரசர் நான்காம் பிலிப்புக்கு ஒரு வேட்டை மாளிகை இருந்தது. ஸ்பானிய மொழியில் ‘சார்சா’ என்பது முட்செடி. முட்புதர்கள் மண்டிய இடத்தில் அமைந்தமையால் மாளிகை ‘சார்சுவேலா’ எனப்பட்டது. அங்கு நடிக்கப்பட்ட நாடகங்களும் அப்பெயரையே பெற்றன. நாடகப் புலவர் கால்டெரோன் அவற்றுள் சிலவற்றை இயற்றினார். அவற்றில் பாட்டும் வசனமும் மாறிமாறி வரும்.

18ஆம் நூற்றாண்டில் அரசவை இத்தாலிய ஓபராவை விரும்பியது. தாய்மொழி நாடகம் பின்தள்ளப்பட்டது. ஆயினும் அது அழியவில்லை. பார்பியேரி முதலிய கலைஞர்கள் ஒன்றுகூடி, சார்சுவேலாவுக்கென்றே 1856ஆம் ஆண்டு மாட்ரிட்டில் ஓர் அரங்கம் எழுப்பினர். 1909இல் தீக்கிரையான அவ்வரங்கம் மீண்டும் கட்டப்பட்டு இன்றும் இயங்குகிறது.

பின்னர், ஒரு மணி நேரத்தில் முடியும் நகைச்சுவை நாடகங்கள் தோன்றின. எளிய மக்களும் குறைந்த கட்டணத்தில் அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். 1894இல் அரங்கேறிய ‘லா வெர்பேனா தெ லா பலோமா’ அவற்றுள் புகழ்பெற்றது. அச்சுக்கோக்கும் இளைஞன் ஒருவன், தான் விரும்பும் பெண் முதிய மருந்துக்கடைக்காரருடன் திருவிழாவுக்குச் செல்வதறிந்து பொறாமையால் கொதிக்கிறான். கலகலப்பும் கைகலப்புமாக வளரும் கதை இனிதே முடிகிறது. மாட்ரிட் தெருமக்களின் பேச்சே அதன் வசனமாயிற்று.

ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இக்கலை பரவியது. ஸ்பானிய ஆட்சி நீங்கிய பின், 1902இல் செவரினோ ரெயெஸ் ‘வாலாங் சுகாத்’ என்னும் நாடகத்தைத் தம் தாய்மொழியாகிய தகாலோகில் அரங்கேற்றினார். ஸ்பானியப் பாதிரியாரின் கொடுமையை அது காட்டியது. ஆண்டவர் தந்த வடிவம், ஆளப்பட்டோரின் குரலாயிற்று. வடிவத்தைப் பிறரிடம் பெறலாம்; அதற்கு உயிர் தருவது நம் மொழியே.

சொற்பொருள்
மண்டிய – அடர்ந்து வளர்ந்த
அரங்கேற்றுதல் – முதன்முறை அவையோர் முன் நிகழ்த்துதல்
தீக்கிரையாதல் – தீயில் அழிதல்

வினாக்கள்
1. சார்சுவேலா என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. தாய்மொழி நாடகம் பின்தள்ளப்பட்டது ஏன்? அதனை மீட்கக் கலைஞர்கள் செய்தது யாது?
3. ‘ஆண்டவர் தந்த வடிவம், ஆளப்பட்டோரின் குரலாயிற்று’ – விளக்குக.

செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரின் சந்தையில் நிகழும் ஒரு வேடிக்கையான காட்சியைப் பத்து வரிகளில் தமிழ் உரையாடலாக எழுதுக. வீட்டில் பெற்றோருடன் சேர்ந்து அதனை நடித்துப் பார்க்க.