பாதையில் நாம்தான் லாரி

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை இளைஞர் வகுப்பில், உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்ல, ரோட் டேக்ஸ் இல்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு ரூல்ஸ்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதற்கான பதிலை நான் ஒரு விடியற்காலையில் கற்றுக்கொண்டவன். அதை அன்று அவர்களிடம் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு ஷிப்டு வேலை. காலை ஐந்தே முக்காலுக்கு புளோக்கிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை சைக்கிளில் போவேன். நம் சிங்கப்பூரில் ஏழு மணி வரை இருட்டுதானே? முன்விளக்கில் பேட்டரி தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. 'அஞ்சு நிமிஷ தூரம்தானே' என்று விட்டுவிட்டேன். அன்று கொஞ்சம் லேட். நடைபாதையில் வேகமாக மிதித்தேன். பஸ் நிறுத்தத்தின் பின்னாலிருந்து, சந்தைக்குப் போகும் ஒரு பாட்டி தள்ளுபையோடு வெளியே வந்தார். பிரேக் பிடித்தேன். ஹேண்டில் பையில் மாட்டியது. இரண்டு பேரும் விழுந்தோம். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. பாட்டிக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு.

"தம்பி, சத்தமே வரலையேப்பா. நீ வர்றது தெரியவே இல்லை" என்றார். திட்டக்கூட இல்லை.

"ஃபைன் கட்டினீங்களா அண்ணா?" என்று வகுப்பில் கேட்டார்கள். கட்டினேன். அது ஒரு நாளில் முடிந்தது. இரண்டு மாதம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போனேன். "கை சரியாயிடுச்சு. ஆனா காலையில தனியா நடக்கத்தான் பயமா இருக்கு. பின்னால என்ன வருதோன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன்" என்றார். பல வருடமாக நடந்துபோன சந்தைக்கு இப்போது மகள் வந்தால்தான் போகிறார். அது என்னால் வந்தது.

சாலையில் லாரி நம்மை உரசிக்கொண்டு போனால் நமக்குக் கோபம் வருகிறது. நடைபாதையில் நடப்பவர்களுக்கு நாம்தான் அந்த லாரி. நம்மைவிட மெதுவாகப் போகிறவர், நம்மைவிட எளிதில் அடிபடக்கூடியவர் யாரோ, அவருக்கு நாம் வழிவிட வேண்டும். கீழே உள்ள விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே எண்ணத்திலிருந்து வந்தவை.

நடைபாதையில்

2018ஆம் ஆண்டு முதல் நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். முதலில் 15 ஆக இருந்தது, 2019 பிப்ரவரியில் குறைத்தார்கள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25.

ஏன் இந்த வித்தியாசம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால், மூளை புரிந்துகொண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடிப்பதற்கு முன்பே 7 மீட்டர் போய்விடுவோம். 10 கிலோமீட்டரில் போனால் அது 3 மீட்டருக்கும் குறைவு. நடைபாதையில் அந்த 4 மீட்டர்தான் ஒரு பாட்டியின் மணிக்கட்டு.

1 ஜூலை 2025 முதல் இன்னொரு மாற்றம். சைக்கிள் பாதையை ஒட்டியே நடைபாதையும் இருந்தால், அந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும். அங்கே சைக்கிள் ஏறக் கூடாது. இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை உள்ள மேம்பாலங்களில் இறங்கித்தான் தள்ள வேண்டும். கூட்டமான பஸ் நிறுத்தத்திலும் அப்படிச் செய்வதே மரியாதை.

சாலையில்

சாலையில் நிலைமை தலைகீழ். அங்கே அடிபடப்போவது நாம். அதனால் விதிகள் நம்மைக் காப்பாற்றவே இருக்கின்றன.

1. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். 2019 பிப்ரவரி 1 முதல் இது சட்டம். பாதையில் கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். விழும்போது தலைக்குத் தெரியாது அது சாலையா பாதையா என்று.

2. வாகனங்கள் போகும் திசையிலேயே போகவேண்டும். 'எதிர்ல வர்ற கார் கண்ணுக்குத் தெரியும்ல' என்று சிலர் எதிர்த்திசையில் ஓட்டுகிறார்கள். சந்திப்பில் திரும்பும் ஓட்டுநர் அந்தப் பக்கத்திலிருந்து யாரையும் எதிர்பார்ப்பதில்லை.

3. சிவப்பு விளக்கு நமக்கும் சிவப்புதான். மீறினால் அபராதம் 150 வெள்ளி. 2022க்கு முன் 75 வெள்ளியாக இருந்தது.

4. ஒரு திசையில் ஒரே தடம் உள்ள சாலையிலும், இயங்கும் நேரத்தில் பஸ் தடத்திலும் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். இரண்டு தடம் இருந்தால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். குழுவின் நீளம் 5 வரிசைக்கு மேல் போகக் கூடாது. விரைவுச்சாலைக்குள் நுழையவே கூடாது.

5. இரவு 7 முதல் காலை 7 வரை முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் தெரியவேண்டும். பாதையிலும் இதேதான். நான் மறந்த விதி இது.

6. வேலை செய்யும் கைபிரேக் குறைந்தது ஒன்றாவது இருக்கவேண்டும். கையில் போன் பிடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

நம்மை முந்தும்போது ஓட்டுநர்கள் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்று வழிகாட்டல் இருக்கிறது. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். முக்கியமாக, சந்திப்பில் நிற்கும் லாரி, பஸ்ஸின் இடப்பக்கம் நுழையாதீர்கள். அது இடப்பக்கம் திரும்பினால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

மோதிவிட்டால்

நில்லுங்கள். உதவி செய்யுங்கள். காயம் பலமாக இருந்தால் 995. உங்கள் பெயர், விவரங்களைக் கொடுங்கள். இது சட்டப்படி கடமை. பயத்தில் ஓடிப்போகத் தோன்றும். எனக்கும் ஒரு நொடி தோன்றியது. நின்றதால்தான் பிறகு பாட்டி வீட்டுக் கதவைத் தட்ட முடிந்தது.

வகுப்பில் பேசுவதற்கு

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரை போகும் வழியில், வளைவோ தூணோ மறைக்கும் இடங்கள் எவை?

2. யாருமே பார்க்காத நேரத்தில் நீங்கள் மீறும் விதி எது? அதனால் யாருக்கு ஆபத்து?

3. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: நடைபாதையில் சைக்கிள் வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கிறது?

இன்றிரவு செய்யவேண்டியது: பிரேக், முன்விளக்கு, பின்விளக்கு மூன்றையும் சோதித்துப் பாருங்கள். மொத்தம் இரண்டு நிமிடம்.

நான் இப்போதும் அதே பாதையில்தான் வேலைக்குப் போகிறேன். அந்த பஸ் நிறுத்தம் வந்ததும் இறங்கித் தள்ளுகிறேன். ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. அதனால் ஒரு நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன்.