சர்க்கார் ஏடுகளில் நம் முன்னோர்

நாள்வழியோடு ஒத்துப் பாராமல் நம்மில் எவரும் பேரேட்டை முடிப்பதில்லை. குடும்ப வரலாற்றை மட்டும் செவிவழிச் செய்தியோடு விட்டுவிடுகிறோம்.

பாட்டனார் 1920-ல் 'ரஜூலா' கப்பலில் வந்தார் என்று ஒரு வீட்டில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அக்கப்பல் ஓடத் தொடங்கியதே 1926-ல்தான். ஆகவே ஆண்டு தவறு. அல்லது கப்பல் தவறு. இதைத் தீர்க்கச் சர்க்கார் ஏடுகளே துணை.

தேடலை வீட்டுப் பெட்டியில் தொடங்குவோம். பழைய பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரும், பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயரும் கிடைக்கும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவில் முஸ்லிம் திருமணங்களைப் பதிய 1880-லேயே சட்டம் வந்தது. ஆகவே நிக்காஹ் பதிவையும் தேடலாம். அடுத்து சிங்கப்பூர், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகங்கள். தாயகத்தில் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமும், சார்பதிவாளர் அலுவலகப் பத்திரங்களும் உள்ளன.

இரண்டு எச்சரிக்கைகள். அக்கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயர் எழுதினர். ஒரே முஹம்மது, மஹோமெட் என்றும் மொஹமத் என்றும் இருப்பார். கடையநல்லூர் 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். பழைய தாள்களைத் தென்காசி மாவட்டம் என்று தேடினால் அகப்படா.

இது வீண் பெருமைக்கான வேலையன்று. வாரிசுகள் யாவர் என்று தெளிந்தால்தான் பாகப்பிரிவினை நேர்மையாகும். ஊரிலிருக்கும் ஒரு சகோதரியின் பங்கு நம் அறியாமையால் மறைந்து போகலாகாது.

எனவே பெரியவர்கள் இருக்கும்போதே ஊர், தகப்பனார் பெயர், கடையிருந்த தெரு இம்மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்வோம்.