மிதிவண்டி கற்பித்த பாடம்

கல்வி என்றதும் ஏடும் எழுத்துமே நம் நினைவுக்கு வருகின்றன. கண்ணும் செவியும் கற்க, உடல் அசையாது அமர்ந்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய வகுப்பறை மரபு. அம்மரபு முழுமையானதன்று என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து உழைக்கும் பெண்கள் மெய்ப்பித்துக் காட்டினர்.

1991ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தமை அவ்வியக்கத்தின் தனிச்சிறப்பாகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும், பேருந்துக்காகவோ ஆண் துணைக்காகவோ காத்திருக்கும் பெண்ணுக்குக் கல்வியின் பயன் பாதியே கிட்டும் அன்றோ?

வயலில் உழைத்தோரும் கல்லுடைத்தோரும் கிராமச் செவிலியரும் முஸ்லிம் இளம்பெண்களும் மிதிவண்டி பழகினர். ஏளனப் பேச்சுகள் எழாமல் இல்லை. எனினும் அவர்கள் பின்வாங்கவில்லை. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது ஆண்களுக்கான வண்டிகளையே ஏற்றனர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என அதிலும் ஒரு நன்மை கண்டனர். விளைபொருளைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்றனர். காத்திருந்து கழித்த நேரம் மிச்சமாயிற்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இவ்வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இதில் ஆசிரியர்க்குரிய பாடம் ஒன்று உண்டு. சமநிலையைச் சொல்லி விளக்க இயலாது. உடலே அதனைக் கற்க வேண்டும். கற்பிப்பவர் பின்னே நின்று இருக்கையைப் பிடித்துக்கொள்கிறார். உரிய நேரத்தில் கையை விடுகிறார். பிடிக்காவிடில் கற்பவர் விழுவார். விடாவிடில் ஒருநாளும் ஓட்டார். கற்றவர் பின்பு அடுத்தவர்க்குக் கை கொடுக்கிறார். விடுதலை தரும் கல்வியின் இயல்பு இதுவே.

நம் வகுப்பறையை இக்கண்கொண்டு நோக்குவோம். கரும்பலகையருகே வந்து எழுதும் வாய்ப்பு யாருக்கு நாள்தோறும் கிடைக்கிறது? கடைசி வரிசையில் இருப்பவர் எத்தனை முறை எழுந்து நின்று உரக்கப் படித்தார்? வட்டமாக அமர்ந்து உரையாடினால் கடைசி வரிசை என்பதே இல்லாமற் போகும். ஒரு பாடலை நடித்துக் காட்டச் சொன்னால், தேர்வுத் தாளில் தயங்குபவரும் தம் திறனைக் காட்டுவர். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; மனமே வேண்டும்.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். படிக்க அனுப்பிய மகளை, படித்ததைக் கொண்டு நடக்கவும் விடுங்கள். பிடித்த கை அன்பென்றால், விடுகின்ற கையும் அன்பே.