புதிய வீட்டின் கல்லும் காற்றும்

லயத்தை விட்டு 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போகிறீர்கள். அத்திவாரத்துக் கருங்கல்லில் கதிர்வீச்சு இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது பொய்யல்ல. அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

நுவரெலியா, ஹட்டன் மலைப் பாறைகள் மிகப் பழையவை. யுரேனியம், தோரியம், பொற்றாசியம்-40 ஆகியன அவற்றில் இயற்கையாகவே சிறிதளவு கலந்துள்ளன. மணல், செங்கல், சீமெந்துக் கல் எல்லாவற்றிலும் அவை உண்டு. தோரியனைட் என்ற தோரியக் கனிமம் 1904இல் உலகுக்கு அறிமுகமானதே இலங்கையிலிருந்துதான். பல பழைய லயங்களின் சுவரும் இதே மலைக் கல்தான். நமது உடம்பிலுள்ள பொற்றாசியத்திலேயே விநாடிக்கு ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைகின்றன.

கவலைப்பட வேண்டியது அடைபட்ட காற்றைப் பற்றி. யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது ரேடன் என்ற வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரும்பாலும் வீட்டுக்குக் கீழுள்ள மண்ணிலிருந்து தரை வெடிப்புகள் வழியாக மேலே வரும்; சுவரிலிருந்து வருவது பொதுவாகக் குறைவு. அதில் பாதி சிதையவே 3.8 நாள் ஆகும். அதனால் வெளியில் கலைந்துபோகும் இந்த வாயு, பூட்டிய அறையில் சேர்ந்துவிடும். பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும். புகைபிடிப்பவருக்கு இந்த ஆபத்து 25 மடங்கு அதிகம் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. ஒரு கனமீற்றர் காற்றில் 100 பெக்கரல் என்பதே அது பரிந்துரைக்கும் அளவு; எப்படியும் 300ஐத் தாண்டக்கூடாது.

நம் பக்கத்துக் குளிரில் யன்னல் இடுக்கையும் காற்றுத் துவாரத்தையும் சாக்கால் அடைத்துவிடுகிறோம். கைக்குழந்தை இருமும் வீட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே விறகடுப்பும் எரிந்தால் புகையும் சேர்ந்து தங்கும். பகலில் வீட்டில் ஆள் இருக்கும்போது எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விடுங்கள். இரவில் யன்னலைச் சாத்தினாலும் சுவரின் மேல் துவாரத்தை அடைக்காதீர்கள். பிள்ளைக்கு இன்னொரு கம்பளி போர்த்துங்கள். தரை வெடித்தால் உடனே சீமெந்து பூசுங்கள். வீட்டுக்குள் பீடி, சுருட்டு வேண்டாம்.

சுவர் பூசக் கடற்கரை மணல் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். உப்பு சுவரைக் கெடுக்கும் என்பது ஒருபுறம். பேருவளை போன்ற சில கரைகளின் மணலில் தோரியம் கொண்ட மொனசைட்டும் உண்டு.

கூரையின் அஸ்பெஸ்டஸ் தகட்டையும் சிலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு விஷயம்: அதன் ஆபத்து கதிர்வீச்சு அல்ல, தூசு. அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். உடைந்தால் நனைத்துவிட்டு அகற்றுங்கள்.