மருத்துவப் படிப்பு: எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது?



ரோவிலிலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் புதிதாக வந்திருக்கும் எமது குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பிள்ளை கெட்டிக்காரி, டொக்டருக்குப் படிக்க விருப்பம். எந்த யூனிக்குப் போடுறது?" சிலர் தங்களுக்காகவே கேட்கிறார்கள். ஊரில் பட்டம் முடித்தவர்கள், கம்பஸ் படிப்பு இடையில் நின்றுபோனவர்கள், பத்துப் பதினைந்து வருடம் வேறு வேலை செய்தவர்கள். "இந்த வயதில சரிவருமோ?" எண்டு தயங்கித்தான் கேட்கிறார்கள்.

வயதைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவுஸ்திரேலிய மருத்துவக் கல்லூரிகளில் வயதெல்லை இல்லை. வேறு வேலை செய்துவிட்டு வருபவர்களை இங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதினால் இசற்-புள்ளியும் மாவட்டமும் பார்த்து ஒரே ஆணைக்குழு இடம் கொடுக்கும். இங்கே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி வாசல், தனி விதி. பெயர் பெற்றது எது, வீட்டுக்குக் கிட்ட எது என்று பார்த்து விண்ணப்பித்தால் காசும் போகும், வருடமும் போகும். உங்களுக்குத் திறந்திருக்கும் வாசல் எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள். இந்த வரிசையிலேயே கேளுங்கோ.

கேள்வி 1: உங்கள் விசா என்ன?

உள்நாட்டு மாணவருக்கான அரச உதவி இடம் குடியுரிமை உள்ளவர்களுக்கும் நிரந்தர விசா உள்ளவர்களுக்கும் உரியது. அந்த இடத்தில் மருத்துவம் படிக்க மாணவர் கட்டும் பங்கு ஆண்டுக்கு சுமார் 13,000 டொலர். அதைக் கையில் வைத்துக் கட்ட வேண்டும் என்றும் இல்லை. நிரந்தரப் பாதுகாப்பு விசா (866), 2023இல் தற்காலிக விசாக்காரருக்குத் திறக்கப்பட்ட 851 விசா போன்ற நிரந்தர மனிதாபிமான விசா உள்ளவர்கள் ஹெக்ஸ் கடனில் படிக்கலாம். உழைக்கத் தொடங்கிய பிறகு வரியோடு சேர்த்துக் கழியும்.

பிரிட்ஜிங் விசாவில் இருப்பவரைப் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடும். மருத்துவத்துக்கு அந்தக் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 80,000 டொலருக்கும் மேல். சில இடங்களில் 100,000ஐயும் தாண்டும். ஹெக்ஸ் கடனும் இல்லை. விசாவில் 8207 என்ற நிபந்தனை இருந்தால் படிக்கவே அனுமதி இல்லை. வீவோ இணையத்தளத்தில் உங்கள் நிபந்தனைகளை இலவசமாகப் பார்க்கலாம். படிப்புக்குத் தடை இருந்தால் வகுப்பில் சேருமுன் உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

விண்ணப்பத்தில் விசாவை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். "பிறகு மாத்தலாம், இப்ப நிரந்தரம் எண்டு போடு" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். பொய்த் தகவலால் கிடைத்த இடத்தைப் பறிக்கலாம், அது உங்கள் பாதுகாப்பு வழக்கையும் பாதிக்கலாம்.

கேள்வி 2: இதுவரை என்ன படித்திருக்கிறீர்கள்?

மருத்துவத்துக்கு இரண்டு பாதைகள் உண்டு. பள்ளி முடித்தவுடன் போவது ஒன்று. ஒரு பட்டம் முடித்த பிறகு போவது மற்றது.

பள்ளி முடித்துப் போவதற்கு 12ஆம் ஆண்டு ஏடார் புள்ளி, யூகற் பரீட்சை, நேர்முகம் ஆகிய மூன்றையும் பெரும்பாலான இடங்களில் பார்ப்பார்கள். யூகற் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும். அந்த ஆண்டு எழுதினால் அடுத்த ஆண்டு அனுமதிக்கு மட்டும்தான் செல்லும். விசா முடிவு கிட்டடியில் வராது என்று தெரிந்தால் அந்தக் காசை வீணாக்காதீர்கள். சென்ரர்லிங்க் சலுகை அட்டை உள்ளவருக்குக் கட்டணத்தில் குறைப்பு உண்டு. மாதிரிப் பரீட்சைகள் யூகற் இணையத்தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

இங்கே கனபேர் தெரியாமல் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது. மொனாஷின் நேரடி மருத்துவப் படிப்புக்கு, வேறு ஏதாவது பல்கலைக்கழகப் படிப்பை ஏற்கெனவே தொடங்கியவர் விண்ணப்பிக்க முடியாது. ஒரு வருடம் பயோமெடிக்கல் படித்துவிட்டுத் திரும்பவும் முயற்சிப்போம் என்று போனால் அந்த வாசல் மூடிவிடும். ஸ்டட் பார்க்கில் 900 பஸ் எடுத்தால் போய்ச் சேரும் கிளேட்டன் வளாகம்தானே என்று மொனாஷை மட்டும் நம்பியிருக்கும் ரோவில் பிள்ளைகளுக்கு இது முக்கியம். கிடைத்த இடத்தை ஒரு வருடம் தள்ளிவைப்பது வேறு, படிக்கத் தொடங்குவது வேறு. தள்ளிவைத்தால் வாசல் மூடாது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகமும் படிப்பைத் தொடங்கியவர்களின் விண்ணப்பத்தையும் எடுக்கின்றன. குயின்ஸ்லாந்தில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் யூகற் கேட்பதில்லை. எழுத்து விண்ணப்பமும் நேர்முகமும் பார்க்கும்.

பட்டம் முடித்தவர்களுக்கு கம்சற் பரீட்சை. இலக்கியம், சமூகம் சார்ந்த வாசிப்பு ஒரு பகுதி, கட்டுரை எழுதுவது ஒரு பகுதி, விஞ்ஞானம் ஒரு பகுதி. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் நடக்கும். புள்ளி 4 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் விசாவுக்குக் காத்திருப்பவருக்கு இது யூகற்றைவிட வசதி. ஆனால் ஆங்கிலத்தில் வேகமாக வாசித்து எழுத வராமல் இதை எழுதப் போகாதீர்கள். கட்டணமே 500 டொலருக்கு மேல்.

மெல்பேர்ண் பல்கலைக்கழகமும் ஜீலோங்கில் உள்ள டீக்கினும் இந்தப் பாதையில் 4 ஆண்டுப் படிப்பை நடத்துகின்றன. மொனாஷின் பட்டதாரி வாசல் மொனாஷிலேயே குறிப்பிட்ட சில பட்டங்களைப் படித்தவர்களுக்கு மட்டும். ஆகவே யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பட்டம் எடுத்தவர் அதற்குப் போட்டுப் பயனில்லை.

ஊர்ப் பட்டம் செல்லுமா என்பதைக் கல்லூரி கல்லூரியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எங்கள் புள்ளியை இங்கத்தைய ஜீ.பி.ஏ. கணக்குக்கு எப்படி மாற்றுவீர்கள்? பட்டம் பழையதானால் என்ன செய்வது? பல கல்லூரிகளில் 10 ஆண்டு விதி உண்டு. அதற்கு முந்திய பட்டத்தைத் தனியாக எடுக்கமாட்டார்கள். ஆனால் பெரும்பாலும், பிறகு ஒரு பட்டப்பின் டிப்ளோமாவோ முதுநிலைப் பட்டமோ முடித்தால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பழைய பட்டம் என்று மனம் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி 3: எதை முதலாவதாகப் போடுவது?

பட்டதாரிக் கல்லூரிகளில் பல, ஜெம்சாஸ் என்ற ஒரே விண்ணப்பத்தில் சேர்ந்திருக்கின்றன. மெல்பேர்ண், டீக்கின், வொலன்கொங், குயின்ஸ்லாந்து, நொட்ர டாம் எல்லாம் அதில் உள்ளன. சிட்னிப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஜெம்சாஸில் விருப்ப வரிசை போடலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு கல்லூரியில் இருந்துதான் நேர்முக அழைப்பு வரும். ஆகவே விருப்ப வரிசையைப் பெயருக்காகப் போடாதீர்கள். கடந்த ஆண்டுகளில் எவ்வளவு புள்ளிக்கு அழைத்தார்கள் என்று பார்த்து, உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடியதை மேலே போடுங்கள். எங்கே படித்தாலும் முடிவில் பதிவு ஒன்றுதான். நோயாளி எந்த யூனி என்று கேட்பதில்லை.

வாழ்ந்த இடமும் கணக்கில் வரும். நகரத்துக்கு வெளியே ஷெப்பர்ட்டன், மில்டூரா போன்ற இடங்களில் தொடர்ச்சியாக 5 ஆண்டோ மொத்தமாக 10 ஆண்டோ இருந்தவரைப் பல கல்லூரிகள் நாட்டுப்புற விண்ணப்பதாரராகத் தனிப் பட்டியலில் எடுக்கும். பண்ணை வேலைக்காக அங்கே இருந்த குடும்பங்கள் வாடகை ஒப்பந்தம், பள்ளிக் கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கோ. மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகம் தன் பகுதியில் வசிப்பவருக்கு முன்னுரிமை கொடுக்கிறது. விக்டோரியாவில் வீடக் ஊடாக விண்ணப்பிக்கும் பிள்ளை, அகதிப் பின்னணியையும் பள்ளியில் பட்ட இடைஞ்சலையும் சிறப்பு அனுமதித் திட்டத்தில் எழுதலாம். தனி விண்ணப்பம் அது. மறந்தால் கணக்கில் வராது.

அரச உதவி இடங்களில் 100க்கு 28.5 பங்கு ஒப்பந்த இடங்கள். படித்து முடித்தபின் 18 ஆண்டுகளுக்குள் 3 ஆண்டு நாட்டுப்புறத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பயந்து விட்டுவிட வேண்டிய இடமல்ல. வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

ஏற்கெனவே டொக்டராக இருப்பவர்கள்

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் திரும்ப முதலாம் ஆண்டில் சேரத் தேவையில்லை. அவர்களுக்கு ஏ.எம்.சி. பரீட்சைப் பாதை இருக்கிறது: ஆங்கிலத் தகுதி, 150 வினாக்கள் கொண்ட பல்தேர்வுப் பரீட்சை, பிறகு செய்முறைப் பரீட்சை அல்லது வேலையிட மதிப்பீடு, பிறகு பதிவு. ஊரில் மூன்றாம், நான்காம் ஆண்டில் நின்றவர்களின் நிலைமை கடினமானது. இங்குள்ள கல்லூரிகள் பொதுவாக இடையில் சேர்ப்பதில்லை.

விசாவுக்குக் காத்திருக்கும்போது

புகலிடம் கோருவோருக்குச் சில பல்கலைக்கழகங்கள் உதவித்தொகை கொடுக்கின்றன. டீக்கினின் சங்சுவரி, சுவின்பேர்ணின் வெல்கம் ஆகியவை உதாரணங்கள். அவுஸ்திரேலிய அகதிகள் பேரவையின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. அதில் மருத்துவம் சேருமா என்று முதலில் கேளுங்கள். விஞ்ஞானமோ தாதியமோ கிடைத்தால், அது மொனாஷின் நேரடி வாசலை மூடி, பட்டதாரி வாசலைத் திறக்கும். விசா முடிவுக்கு இன்னும் நெடுநாள் இருந்தால் உதவித்தொகையை எடுப்பதே நல்லது. முடிவு அண்மையில் வரக்கூடும் என்று வழக்கறிஞர் சொன்னால், ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுவிட்டுத் தீர்மானியுங்கள்.

பட்டம் இல்லாதவர்கள் ரேஃப் நிறுவனத்தில் சுகாதார உதவியாளர் படிப்பைப் பார்க்கலாம். விக்டோரியா அரசின் ஸ்கில்ஸ் ஃபர்ஸ்ட் உதவி புகலிடம் கோருவோருக்கும் உண்டு. ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்தால் ஆங்கிலமும் வரும், இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிக்குமா என்பதும் தெரியும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. வீவோவில் விசா நிபந்தனையைப் பார்த்து அச்செடுத்து வையுங்கள்.
2. ஊரில் இருந்து சான்றிதழையும் பாடவாரியான புள்ளிப் பத்திரத்தையும் எடுப்பியுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் நாட்டி அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள்.
3. ஒரு தாளில் மூன்று பல்கலைக்கழகங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே விசா, பட்டம், பரீட்சை, கட்டணம் ஆகிய நான்கையும் நிரப்புங்கள். ஒரு கட்டத்தில் "இல்லை" என்று வந்தால் அந்தப் பெயரை வெட்டிவிடுங்கள்.
4. சந்தேகத்தைப் பல்கலைக்கழக அனுமதிப் பிரிவுக்கு ஈமெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அது இலவசம். "இடம் எடுத்துத் தாறன்" என்று காசு கேட்பவரிடம் போக வேண்டாம்.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டைப் பாருங்கள். போன வருடம் போனவர் சொன்னதை மட்டும் நம்பிப் போட வேண்டாம். ஆங்கிலக் கையேடு விளங்காவிட்டால் அதையும் உங்கள் தாளையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.