கோபப்படலாம், கடிக்கக் கூடாது

கனகம்மாசத்திரம்

அன்பு மருமகளுக்கு,

பிரீகேஜியில் உன் பையன் பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டான் என்று போனில் அழுதாயே, அதே நினைப்பாக இருக்கிறேன். மூன்று வயதில் கடித்தவன் முரடன் ஆகிவிடமாட்டான். கோபத்தைச் சொல்ல வாயில் சொல் வராததால் பல் வந்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் மொட்டை போட்டபோது, தலையில் தண்ணீர் தெளித்ததுமே வீறிட்டான். “ஆம்பளப் புள்ள அழலாமா?” என்றார் ஒருத்தர். “போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்” என்றார் இன்னொருத்தர். மாப்பிள்ளை செல்போனைக் கையில் கொடுத்தார். அழுகை நின்றது. ஆனால் தனக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. “கத்தியைப் பார்த்துப் பயந்துட்டியா கண்ணு? அம்மா பிடிச்சுக்கறேன்” என்று நாம் சொல்லியிருந்தால், அடுத்த தடவை “பயமா இருக்கு” என்று அவனே வந்து நிற்பான்.

அங்கன்வாடியில் இருந்த காலத்தில் இதைத் தினம் பார்த்தேன். நம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. “ஏன் அழறே?” என்றால் அழுகை கூடும். “பயங்கா உந்தா?” என்றதும் தலையாட்டி மடியில் உட்காரும்.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எண்ணாதே. அமெரிக்காவில் பெட்டி ரெபகோலி, அலிசன் காப்னிக் இருவரும் 1997-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தை முன்னால் பிஸ்கட்டுக்கு முகம் சுளித்து, ப்ராக்கோலியை ருசித்துக் காட்டி, “எனக்குக் கொஞ்சம் கொடு” என்று கை நீட்டினார்கள். 14 மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகள் ப்ராக்கோலியைக் கொடுத்தன. அடுத்தவர் விருப்பம் வேறு என்பது அதற்குள் பிடிபடுகிறது. அவர் நினைப்பே தவறாக இருக்கலாம் என்பது நாலு வயதை ஒட்டித்தான் விளங்கும். அதனால் மூன்று வயதுக்காரனிடம் நியாயம் கேட்டு மிரட்டாதே. கையைப் பிடித்து நிறுத்து. “கோபப்படலாம், கடிக்கக் கூடாது. பார், அவனுக்குக் கை வலிக்குது, அழறான்” என்று அந்த முகத்தைக் காட்டு.

மூன்று வயதில் வீட்டில் மனசைப் பற்றிய பேச்சை நிறையக் கேட்ட பிள்ளைகள், ஆறு வயதில் பிறர் மனசை நன்றாகக் கண்டுகொண்டதை ஜூடி டன்னும் கூட்டாளிகளும் 1991-இல் எழுதினார்கள். ஆபீஸ் அலுப்பில் நீ கத்திவிட்டாலும், “அம்மாவுக்குக் களைப்பு, உன்மேல கோபம் இல்ல” என்று பிறகாவது சொல்லிவிடு.

போலீஸ், பூச்சாண்டி பேச்சைப் பெரியவர்களும் விட வேண்டும். உன் மாமியாரிடம் நீ சொன்னால் மனத்தாங்கல் ஆகும். காலாண்டு லீவில் அவரையும் அழைத்து வா, நான் பக்குவமாகப் பேசுகிறேன்.

அன்புள்ள,
அத்தை