ஒரு மூலக்கூறு, ஒரு போட்டான்

லேபில் ரெசிஸ்டர் மதிப்பைக் கூட்டக் கூட்ட எல்.இ.டி. மங்கும். இப்படியே மங்க வைத்தால் கடைசியில் போட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ஒவ்வொன்றாக வரும் என்றுதான் நினைப்போம். வராது. ஒரு சமயம் ஒன்றுமே வராது, இன்னொரு சமயம் இரண்டு சேர்ந்து வந்துவிடும். உள்ளே எலக்ட்ரான்கள் எண்ணற்றவை. ஒன்றைக் கேட்டு ஒன்று ஒளி விடுவதில்லை.

வந்தால் என்ன? செய்தியைப் பூட்டும் ரகசிய எண்ணைப் போட்டானில் ஏற்றி அனுப்பும்போதுதான் வம்பு. ஒன்றே ஒன்று போனால், நடுவில் ஒருவன் அளந்து பார்த்தாலே அந்தத் தடயம் பிழையாக வெளிப்படும். இரண்டு போனால் ஒன்றைத் திருடிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவான். நமக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு வழி, ஒரே ஒரு மூலக்கூறை விளக்காக்குவது. எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் அந்தக் காலத்தில் கவலை இறைத்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். சால் ஒருமுறை கொட்டிவிட்டால், கிணற்றுக்குள் இறங்கி நிரம்பாமல் அடுத்த கொட்டு கிடையாது. மூலக்கூறும் அப்படித்தான். லேசர் அதன் எலக்ட்ரானை மேல்மட்டத்துக்கு ஏற்றும். சில நானோ செகண்டில் அது இறங்கி ஒரு போட்டானைத் தரும். மறுபடி ஏற்றினால்தான் அடுத்தது. (சால் மேலே வந்து கொட்டும், இது கீழே வந்து கொட்டும். கணக்கு ஒன்றுதான்!)

ஆனால் மூலக்கூறைத் தனியாக நிறுத்துவது எப்படி? பீரோவில் போடும் அந்துருண்டை நாப்தலீன்; அதில் இரண்டு அறுகோண வளையம். மூன்று வளையம் ஆந்த்ரசீன், நான்கு நாப்தசீன், ஐந்து பென்டசீன். ஒரு படிகத்தில் இன்னொன்றை மிகமிகக் கொஞ்சமாகக் கலந்தால், விருந்தாளி மூலக்கூறுகள் எட்ட எட்ட உட்காரும். இப்படிப்பட்ட கலவையை 1930களிலேயே கல்கத்தாவில் ஆராய்ந்தவர், நம்ம வத்திராயிருப்பில் 1898ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவில் ராமனோடு உழைத்தவரும் இவரேதான். ஆந்த்ரசீனுக்குள் நாப்தசீனை வைத்து, அது ஒளியை உறிஞ்சும் விதத்தைப் பார்த்தார். அவர் பார்த்தது கோடானுகோடி மூலக்கூறுகளைச் சேர்த்து. தனி ஒன்றை 1989ல் பிடித்தவர்கள் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தின் மோர்னரும் காடோரும். பாராடெர்பினைல் படிகத்தில் பென்டசீன், திரவ ஹீலியக் குளிர்.

அதே ஜோடியில் போட்டான்கள் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன என்று 1992ல் காட்டினார்கள். சோதனையின் தத்துவம் நம் டிஜிட்டல் பாடம்தான். பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி, இரு பக்கமும் ஒவ்வொரு டிடெக்டர், இரண்டு பல்ஸும் ஓர் ஆண்ட் கேட்டுக்குள் போவதாக வையுங்கள். ஒரே போட்டான் என்றால் அவுட்புட் 0 தான்.

2000ல் டெரிலீன் மூலக்கூறை வைத்து சாதாரண அறை வெப்பத்திலேயே இதைச் செய்தார்கள். குறையும் உண்டு. அந்த வெப்பத்தில் மூலக்கூறு கொஞ்ச நேரத்தில் வெளுத்துப்போகும். ஒளி நாலாபக்கமும் சிதறி, லென்ஸில் முழுதும் அகப்படாது. அதனால் ரகசிய எண் அனுப்பும் கருவிகள் பலவற்றில் இன்னும் மங்க வைத்த லேசர்தான் ஓடுகிறது; இரட்டைப் போட்டான் திருட்டைப் பிடிக்கத் தனிக் கணக்கு போடுகிறார்கள். 2023ல் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதன் குவாண்டம் தகவல் தொடர்பு மையம் அமைந்தது சென்னை ஐ.ஐ.டி.யில்.